ஜீனோவை ஒரே மூச்சில் படிக்காதீர்கள்

சுஜாதாவின் அறிவியல் கதைகளை எதில் தொடங்குவது என்று அக்கா மகள் கேட்டாள். 'என் இனிய இயந்திரா'வை எடுத்துக்கொள், ஆனால் ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம்தான் என்றேன்.

அது 1980களில் ஆனந்த விகடனில் வந்த தொடர். அப்பா வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை போட்டு வைத்திருந்தார். ஓரங்களில் பாதி வெட்டுப்பட்ட விளம்பரங்கள் இன்னும் இருக்கின்றன. வாரம் முழுக்க வாசகரைக் காக்க வைப்பதற்கென்றே எழுதியது. ஒரே ராத்திரியில் முடித்தால் அந்தத் தவிப்பு போய்விடும். அத்தியாயம் முடிந்ததும் மூடிவைத்து, அடுத்து என்ன ஆகும் என்று வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

கையில் பென்சில் இருக்கட்டும். கதை நடப்பது 2022இல். நிலா, சிபி, ரவி, ஜீவா, ஜீனோ என்று எல்லாப் பெயரும் இரண்டெழுத்து. பிள்ளை பெறக்கூட அரசு அனுமதி வேண்டும். இதையெல்லாம் சுஜாதா நிறுத்தி விளக்குவதில்லை. பேச்சோடு பேச்சாக வந்துவிடும். அப்படி ஒரு சட்டம் தெரியவரும் இடத்திலெல்லாம் கோடு போடுங்கள். எழுதப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

ஜீனோ என்ற இயந்திர நாய் இத்தனை இயல்பாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1935இல் பிறந்து ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்த ரங்கராஜன், மனைவி சுஜாதாவின் பெயரில் எழுதிய எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை. ஓட்டு மெஷின் உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இயந்திரம் அவருக்கு அன்றாடம் புழங்கும் பொருள்.

நாவல் முடிந்ததும் அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வுக்குத் தாவ வேண்டாம். நடுவில் 'நகரம்' சிறுகதையைப் படியுங்கள். அறிவியல் கதையே இல்லை அது. காய்ச்சலில் கிடக்கும் மகளோடு மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த வள்ளியம்மாள், கையில் சீட்டோடு அறை அறையாக அலைகிறாள். காணாமல்போன கணவன் சிபியைத் தேடும் நிலாவை அப்போது நினைத்துப் பாருங்கள். இரண்டு பேருக்கும் யாரும் சரியாகப் பதில் சொல்வதில்லை.

அப்பாவின் தொகுப்பில் ஓர் அத்தியாயம் மட்டும் அச்சில் இல்லை. அந்த வாரம் இதழ் கிடைக்காமல், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, கோடு போட்ட தாளில் நீல மையால் முழுவதும் எழுதித் தைத்திருக்கிறார். அக்கா மகள் இப்போது அந்தத் தாளில்தான் இருக்கிறாள்.