இருக்கை வரிசைப் புதிர்களைத் தீர்க்கும் முறை

இருக்கை வரிசைப் புதிரில் முதலில் கவனிக்க வேண்டியது, அமர்ந்திருப்போர் எந்தத் திசையை நோக்குகிறார்கள் என்பதே. வட்ட மேசையில் மையத்தை நோக்கி அமர்ந்தவரின் இடப்புறம் கடிகாரச் சுற்றாகவும், வலப்புறம் அதற்கு எதிர்ச்சுற்றாகவும் அமையும்; வெளிப்புறம் நோக்கினால் இவை தலைகீழாகும். பெரும்பாலான தவறுகள் இங்குதான் நேர்கின்றன என்பதால், படம் வரைந்தவுடனேயே அம்புக்குறி இட்டுவிடுவது நல்லது.

அடுத்து, குறிப்புகளைக் கொடுக்கப்பட்ட வரிசையிலேயே பயன்படுத்த வேண்டியதில்லை. ஓர் இடத்தை உறுதியாக நிர்ணயிக்கும் குறிப்புகளை முதலிலும், 'அருகில் இல்லை' போன்ற மறுப்புக் குறிப்புகளை இறுதியிலும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆறு பேர் மையத்தை நோக்கி, சம இடைவெளியில் அமர்ந்துள்ளனர் எனக் கொள்வோம். நிலா ரவிக்கு அருகில் இல்லை, கவிதாவுக்கு நேரெதிரே மாறன், கவிதாவின் இடப்புறம் இரண்டாவதாகச் செல்வி, மாறனுக்கு இடப்புறம் அடுத்ததாக ரவி, எஞ்சியவர் பாரி. வட்டத்துக்குத் தொடக்கம் கிடையாது என்பதால் கவிதாவை 1 ஆம் இடத்தில் வைத்து, கடிகாரச் சுற்றாக எண்ணினால், மாறன் 4, செல்வி 3, ரவி 5 என அமைகிறார்கள். மிஞ்சும் 2, 6 ஆகிய இடங்களில் 6 ரவியை ஒட்டியிருப்பதால் நிலாவுக்கு 2, பாரிக்கு 6.

ஒரு குறிப்பு இரு வாய்ப்புகளைத் தருமானால், ஊகித்து ஒன்றை அழிக்காமல் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, முரண்பாடு எழும் படத்தை மட்டும் நீக்க வேண்டும். நேர்வரிசைப் புதிர்களுக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். ஆனால் அங்கு ஓரங்கள் உண்டு என்பதால், ஓரத்தில் அமர்பவரைப் பற்றிய குறிப்பிலிருந்து தொடங்குவதே சிறந்தது.