பழைய ஆங்கிலப் பழமொழிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொழிபெயர்க்கப் பழகுகிறவர்களின் பக்கங்களைத் திருத்தும்போது, பழைய ஆங்கிலப் பழமொழி வருகிற இடத்தில் என் பேனா கட்டாயம் நின்றுவிடும். அகராதியைப் புரட்டினால் தெரிந்துவிடுகிற சொற்களை இங்கே விட்டுவிடுகிறேன். வாக்கிய அமைப்பில் வழுக்குகிற இடங்களை மட்டும் பார்ப்போம்.

கெட்ட காற்றைத் திட்டாதீர்கள்

'இட் இஸ் அன் இல் விண்ட் தட் புளோஸ் நோபடி எனி குட்.' ஆங்கில எழுத்தாளர் ஜான் ஹேவுட் 1546இல் தொகுத்த பழமொழி நூலிலேயே இதன் பழைய வடிவம் இருக்கிறது. இன்றும் 'இது யாருக்கும் நன்மை தராத கெட்ட காற்று' என்றே எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

அண்மையில் ஒருவர் கொண்டுவந்த கதையில், புயல் ஊர்க் கூரைகளைப் பிய்த்துப் போடுகிறது; தச்சருக்கு வேலை குவிகிறது. அவர் சிரித்துக்கொண்டே இந்தப் பழமொழியைச் சொல்கிறார். தமிழிலோ காற்றைச் சபித்துக்கொண்டிருந்தார். அதைவிடக் கொடுமை, சாபத்தோடு சிரிப்பு ஒட்டவில்லை என்று மொழிபெயர்த்தவர் தச்சரின் சிரிப்பையே வெட்டியிருந்தார். ஒரு வாக்கியம் தவறியதற்கு ஒரு மனிதரின் குணமே மாறிப்போயிற்று.

இந்த 'இட்' கண்முன்னே அடிக்கிற காற்றைச் சுட்டவில்லை. ஒருவருக்குமே நன்மை செய்யாத காற்று என்றால் அது படுமோசமானதாக இருக்க வேண்டும், அப்படி ஒன்று அபூர்வம் என்கிறது. அதாவது, எவ்வளவு கெட்ட காற்றும் யாராவது ஒருவருக்கு நல்லது செய்துவிட்டுத்தான் போகும்.

இதே அமைப்பில் இன்னும் பல உண்டு. 'இட் இஸ் எ லாங் லேன் தட் ஹாஸ் நோ டர்னிங்': எவ்வளவு நீண்ட பாதையும் ஓரிடத்தில் திரும்பும். 'இட் இஸ் எ குட் ஹார்ஸ் தட் நெவர் ஸ்டம்பிள்ஸ்': நம் ஊரில் யானைக்கும் அடி சறுக்கும். 'எவ்வளவு' என்று தொடங்கிப் படித்துப் பாருங்கள். பின்பாதியில் இருக்கிற 'இல்லை', 'உண்டு' ஆகிவிடும். 'உண்டு' இருந்தால் 'இல்லை' ஆகும். 'இட் இஸ் எ வைஸ் சைல்ட் தட் நோஸ் இட்ஸ் ஓன் ஃபாதர்' அந்த இரண்டாவது வகை: எவ்வளவு அறிவுள்ள பிள்ளைக்கும் தன் தகப்பன் யாரென்று உறுதியாகத் தெரியாது.

தயவுசெய்து 'தட்'டுக்கு முன்னால் காற்புள்ளி வைக்காதீர்கள். வைத்தால் வாக்கியம் இரண்டாகப் பிளந்து, உண்மையிலேயே ஒரு கெட்ட காற்றைப் பற்றிய செய்தியாகிவிடும்.

'ஸ்பேர் த ராட் அண்ட் ஸ்பாயில் த சைல்ட்'

இரண்டு கட்டளைகள் அல்ல. முன்பாதி நிபந்தனை, பின்பாதி விளைவு: பிரம்பை எடுக்காவிட்டால் பிள்ளை கெட்டுப்போகும். கருத்து எனக்கு உடன்பாடில்லை, இலக்கணம் அதுதான்.

பழைய காற்புள்ளி

பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் 1735ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் 'ஏர்லி டு பெட் அண்ட் ஏர்லி டு ரைஸ்' என்பதற்குப் பின் ஒரு காற்புள்ளி, அப்புறம்தான் 'மேக்ஸ் எ மேன்' வரும்; சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழுவது ஒருவரை நலமும் செல்வமும் அறிவும் உள்ளவராக்கும் என்பது பொருள். எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே இப்படிக் காற்புள்ளி வைப்பது 18ஆம் நூற்றாண்டு அச்சில் சகஜம். மேற்கோளில் இருந்தால் கை வைக்காதீர்கள். நீங்கள் எழுதும் ஆங்கிலத்தில் வேண்டாம்.

'ஒன்ஸ் பிட்டன், ட்வைஸ் ஷை'

ஒரு முறை கடிபட்டவர் அடுத்த முறை இரட்டிப்பாகத் தயங்குவார் என்பது பொருள். ஆங்கிலத்தில் எழுவாய் தேடாதீர்கள். எதையும் சேர்க்காதீர்கள்.

'ஃபர்ஸ்ட் கம், ஃபர்ஸ்ட் சர்வ்ட்'

கடைசி 'ட்'டை விழுங்காதீர்கள். முதலில் வந்தவர் பரிமாறுவதில்லை, அவருக்குத்தான் பரிமாறுகிறார்கள்.