கனமில்லாத பேகல்: வீட்டிலேயே செய்யும் முறை

பேகல் போலந்து யூதர்களின் வளைய வடிவ ரொட்டி. கிராகோவ் நகர யூதச் சமூகம் 1610இல் வகுத்த விதிமுறைகளிலேயே இதன் பெயர் வருகிறது. குடியேறியவர்களோடு கடல் கடந்து நியூயார்க்கிலும் மாண்ட்ரியலிலும் வேரூன்றியது. மாண்ட்ரியலில் தேன் கலந்த நீரில் வேகவைத்து விறகடுப்பில் சுடுவார்கள். நியூயார்க்கில் பார்லி மால்ட் (முளைகட்டிய பார்லியிலிருந்து செய்யும் இனிப்பு) சேர்ப்பது வழக்கம். எந்த ஊர் முறையானாலும், சுடுவதற்கு முன் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் கிடைப்பது வளைய வடிவத்தில் ஒரு பன் மட்டுமே.

வீட்டில் செய்யும் பேகல் கனத்துப்போகிறது என்று பலர் ஈஸ்ட்டைக் கூட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாவு அவசரமாகப் பொங்கும், ஈஸ்ட் வாடை தூக்கலாக இருக்கும். கனம் குறைய வேறு மூன்று வழிகள் உண்டு: மாவில் தண்ணீரைக் கூட்டுவது, பொங்குவதற்கு நேரம் கொடுப்பது, கொதிநீரில் வைக்கும் நேரத்தைக் குறைப்பது.

எட்டு பேகலுக்குத் தேவையானவை: பிரெட் மாவு (புரதம் கூடுதலான கோதுமை மாவு) 500 கிராம், தண்ணீர் 315 மில்லி, சர்க்கரை 15 கிராம், உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம். கடைகளில் பேகலுக்கு மாவை இதைவிட இறுக்கமாகப் பிசைவார்கள். நமக்கு மென்மை வேண்டும் என்பதால்தான் இந்த அளவு. சாதாரண மைதாவில் புரதம் குறைவு, அவ்வளவு தண்ணீர் தாங்காது. அதில் செய்வதானால் 285 மில்லியில் தொடங்குங்கள். எடை பார்க்கும் தராசு ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எல்லாவற்றையும் கலந்து பத்து நிமிடம் பிசையுங்கள். முதலில் கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மாவு தூவ ஆரம்பித்தால் தண்ணீரைக் கூட்டியதன் பலன் போய்விடும். ஐந்து நிமிடம் மூடி வைத்துவிட்டு மீண்டும் பிசைந்தால் ஒட்டுவது தானாகக் குறையும். ஒரு துண்டைக் கிள்ளி இழுத்தால் கிழியாமல் மெல்லிய சவ்வாக விரிய வேண்டும், அதுதான் பதம். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடி வைத்து இரு மடங்காகும் வரை விடுங்கள். சுமார் ஒரு மணி நேரம் ஆகும், வெயில் காலத்தில் அதற்கு முன்பே தயாராகிவிடும்.

பிறகு எட்டாகப் பிரித்து உருட்டி, பத்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். ஒவ்வொரு உருண்டையின் நடுவிலும் விரலால் துளையிட்டு, நான்கைந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு விரியுங்கள். மாவு உப்பும்போது துளை சுருங்கும் என்பதால் பெரிதாகவே இருக்கட்டும். எண்ணெய் தடவிய பட்டர் பேப்பரில் வைத்து மூடிவிடுங்கள்.

மாவு இப்படி இரண்டாவது முறை பொங்கும்போதுதான் பேகலின் கனம் முடிவாகிறது. இருபது நிமிடம் கழித்து ஒன்றை எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் தயார். மூழ்கினால் உள்ளே காற்று போதவில்லை என்று பொருள். ஈரம் துடைத்துத் திரும்ப வைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். கடிகாரத்தைவிட இந்தச் சோதனையை நம்பலாம். நேரம் இருந்தால், வடிவம் கொடுத்த பேகலை மூடி இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் சுடுங்கள். சுவை பல மடங்கு கூடும்.

ஓவனை 220 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். அகன்ற பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்கட்டும். இரண்டு மேசைக்கரண்டி தேன், ஒரு தேக்கரண்டி சமையல் சோடா சேருங்கள். இவை மேல்தோல் பொன்னிறமாகச் சிவக்க உதவும். கொதிநீர் பட்டதும் மேற்பரப்பின் மாவுச்சத்து வெந்து ஒரு தோலாகிவிடுகிறது. நேரம் கூடக்கூடத் தோல் தடிக்கும், ஓவனில் பேகல் உப்புவதற்கு அது இடம் தராது. அதனால் பக்கத்துக்கு 30 விநாடி போதும். ஜல்லிக் கரண்டியால் எடுத்து நீர் வடித்து, ஈரம் காயும் முன் எள்ளோ கசகசாவோ தூவுங்கள்.

18 முதல் 20 நிமிடம் சுட்டு, கம்பித் தட்டில் ஆறவிடுங்கள். அரை மணி நேரமாவது பொறுத்து வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்பகுதி பிசுபிசுக்கும். மறுநாளே பேகல் வறண்டுவிடும். மிஞ்சியதை அன்றைக்கே குறுக்கே வெட்டி ஃப்ரீசரில் போட்டுவிட்டு, வேண்டும்போது டோஸ்டரில் சூடாக்கிக்கொள்ளுங்கள்.