ஆன்லைன் போக்கர்: ஆட்டம் நின்ற பிறகும் தொடரும் தவறுகள்

2025 ஆகஸ்ட் 20ஆம் தேதி மக்களவையில் ஒரு மசோதா வந்து அன்றே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். காசு கட்டி ஆடும் ஆன்லைன் சீட்டாட்டங்களான போக்கர், ரம்மி, கூடவே ஃபேன்டசி கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் மூன்றே நாளில் பூட்டு. அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கள் பழைய ஆபீஸ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஓடியது ஒரே கேள்வி: "சரி, இனிமே எங்க ஆடுறது?"

யாரோடு ஆடப்போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. போக்கரில் பணத்தைத் தொலைக்கிறவர்களின் தவறுகளில் முக்கால்வாசி, இதைக் கேட்காமல் விடுவதில் தொடங்குகிறது என்பேன்.

போக்கரில் எதிரே உட்கார்ந்திருப்பது கம்பெனி இல்லை. நம்மைப் போலக் காசு போட்ட இன்னொருவர். அவர் விட்டால்தான் நமக்கு வரும். நடுவில் தளம் தன் கமிஷனை எடுத்துக்கொள்ளும். ஆகவே மேசை ஓட வேண்டுமானால் விடுவதற்கு ஆள் வேண்டும். விட்ட பிறகும் அவர் திரும்பி வர வேண்டும். அப்படிப்பட்டவருக்குப் போக்கர்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'மீன்'. 2003இல் அமெரிக்காவின் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், ஆன்லைனில் சின்னத் தொகை கட்டி ஜெயித்த நுழைவோடு லாஸ் வேகஸ் போய் உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். (பெயர் நான் வைத்ததில்லை, நிஜமாகவே அதுதான்.) ஒரு கணக்காளரால் முடிந்தால் நம்மால் முடியாதா என்று கிளம்பி வந்த கூட்டம்தான் இந்தத் தொழிலையே வளர்த்தது. இந்தியாவில் நான் பார்த்த மேசைகளிலும் அதே ஆட்கள்தான்: ஐடி ஊழியர்கள், இன்ஜினீயரிங் மாணவர்கள், கடையைச் சாத்திவிட்டு வந்து ஆடுகிற சிறு வியாபாரிகள். அந்தக் கூட்டம் வருகிறவரைதான் ஆன்லைன் போக்கருக்கு எதிர்காலம். அதை விரட்டச் சட்டம் மட்டும் வந்துவிடவில்லை. அதற்கு முன்பே வரியும் மென்பொருளும் வந்துவிட்டன.

"திறமை ஆட்டம்தானே, சட்டம் என்ன செய்யும்?"

படித்தவர்கள்தான் இந்தத் தவறை அதிகம் செய்கிறார்கள். ரம்மியில் பெரும்பங்கு திறமைக்கே, ஆகவே அது சூதாட்டம் இல்லை என்று 1968இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996இல் கிண்டி குதிரைப் பந்தய வழக்கிலும் அதே அளவுகோல். போக்கரில்தான் ஆளுக்கொரு கருத்து. 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் அதை அதிர்ஷ்ட ஆட்டம் என்றது. மேற்கு வங்கச் சட்டமோ போக்கரைச் சூதாட்டம் என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது.

நம் ஊர்க் கதை இன்னும் நீளம். தமிழ்நாட்டின் முதல் தடையை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கடனாளியானவர்களின் தற்கொலைச் செய்திகள் நிற்கவில்லை. 2022இல் நீதிபதி சந்துரு குழு, அதன் பிறகு புதிய சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பியது, 2023 மார்ச்சில் சட்டமன்றத்தில் மீண்டும் நிறைவேறி ஏப்ரலில் ஒப்புதல். அந்த நவம்பரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது: சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலிட்டது செல்லாது. அப்புறம் 2025 பிப்ரவரியில் ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்றெல்லாம் விதிகள். ஜூனில் உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்றது.

இத்தனை வருட வாதமும் ஆகஸ்ட் சட்டத்தின் ஒரு வரியில் அடிபட்டுப் போனது. திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டும் கலந்ததோ, காசு கட்டினால் தடை. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம் வரை.

ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. அப்படியென்றால் ஆடலாம் என்று புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். சட்டம் ஆடுபவரை ஏமாந்தவராகப் பார்க்கிறது, அவ்வளவுதான். கடையை மூடிவிட்டு, கடைக்குப் பணம் போகும் வங்கி வழியையும் அடைத்த பிறகு வாடிக்கையாளரைத் தண்டிக்கவில்லை என்பதில் என்ன சலுகை? இந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது. தீர்ப்பு சாதகமாகத்தான் வரும் என்று வேறு வேலை தேடாமல் உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே சண்டை.

"டெலிகிராமில் ஒரு கிளப் இருக்கிறது"

இதுதான் எல்லாவற்றிலும் மோசம். தடை வந்தபோது இங்கிருந்த பெரிய நிறுவனங்கள் ஆட்டக்காரர்களிடம் பணம் வாங்குவதை நிறுத்தின. இருந்த பணத்தை எடுக்க வழி விட்டன. அதன் பிறகு தேடி வருகிறவர் ஏஜென்ட். ஆப் ஒன்று இறக்கச் சொல்வார். அதில் வெறும் சில்லுகள்தான், காசு இல்லை என்று ஆப்காரர் சொல்லிக்கொள்ளலாம். காசு, ஏஜென்ட் அனுப்பும் யுபிஐ எண்ணுக்குப் போகும். வாரக் கடைசியில் கணக்குத் தீர்ப்பார், தீர்ப்பதாக இருந்தால். அந்த யுபிஐ கணக்கு யாருடையது, அதில் வேறு யாருடைய பணம் புரள்கிறது என்பது நமக்குத் தெரியாது. நாளை போலீஸ் அந்தக் கணக்கை முடக்கினால் அதோடு பரிமாற்றம் வைத்த நம் வங்கிக் கணக்கும் சேர்ந்து முடங்கலாம்.

வெளிநாட்டுத் தளம் என்றால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு 2011 ஏப்ரல் 15ஐ ஞாபகப்படுத்தலாம். அன்று அமெரிக்க அரசு போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சலூட் போக்கர் மூன்றின் மீதும் வழக்குப் போட்டு இணைய முகவரிகளைக் கைப்பற்றியது. போக்கர்ஸ்டார்ஸ் அமெரிக்க ஆட்டக்காரர்களின் பணத்தைச் சீக்கிரமே திருப்பிக் கொடுத்தது. ஃபுல் டில்டில் திருப்பிக் கொடுக்கப் பணமே இல்லை. ஆட்டக்காரர்கள் போட்டதைத் தனியாக எடுத்து வைக்காமல் செலவழித்திருந்தார்கள். அதன் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு 2014இல்தான் பணம் வரத் தொடங்கியது. அப்சலூட்காரர்களுக்கு மனுப் போடவே 2017 ஆனது. இதே அப்சலூட்டில் 2007இல் இன்னொரு விஷயம் வெளிவந்தது. உள்ளே இருந்தவர்கள் ஒரு சிறப்புக் கணக்கு வழியாக எல்லாருடைய சீட்டையும் பார்த்துக்கொண்டே ஆடியிருந்தார்கள். கண்டுபிடித்தது எந்த அதிகாரியும் இல்லை. சந்தேகப்பட்டு ஆட்டக் கணக்கைத் தோண்டிய ஆட்டக்காரர்கள்தான். பெரிய தளத்திலேயே இப்படி என்றால், முப்பது பேர் இருக்கும் டெலிகிராம் கிளப்பில் எதிரே ஆடும் மூன்று பேர் ஒரே அறையில் உட்கார்ந்து சீட்டைக் காட்டிக்கொள்ளவில்லை என்று யார் பார்த்தது?

கணக்கில் வராத கமிஷன்

ஜெயித்த ராத்திரி ஞாபகம் இருக்கும்; கமிஷன் எவ்வளவு போனது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு பேர், ஆளுக்கு 1,000 ரூபாய், மேசையில் மொத்தம் 6,000. ஒவ்வொரு ஆட்டத்திலும் சராசரியாக 120 ரூபாய் சேர்கிறது, கமிஷன் 5% என்றால் 6 ரூபாய். மணிக்கு 70 ஆட்டம், 420 ரூபாய். யாரும் புதிதாகப் பணம் போடாவிட்டால் பதினான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனதும் மேசையில் எவரிடமும் எதுவும் இருக்காது. திறமை எவ்வளவு இருந்தாலும் சரி.

இதற்கு மேல் வரி. 2023 அக்டோபரிலிருந்து தடை வரும் வரை கட்டும் பணம் முழுவதற்கும் 28% ஜிஎஸ்டி இருந்தது. 100 ரூபாய் போட்டால் ஆட்டத்துக்குப் போனது 78 சொச்சம்தான். கொஞ்ச நாள் நிறுவனங்களே போனஸ் என்று ஈடுகட்டின. ஜெயித்து எடுத்தால் நிகர வெற்றியில் 30% வருமான வரிப் பிடித்தம். தடைக்கு முன்பே மீன்கள் மெலிந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பத்தாயிரம் கை ஆடியாயிற்று

இரண்டு மாதம் தொடர்ந்து லாபம் வந்ததும் தன்னை நிபுணர் என்று நம்புவது எல்லாருக்கும் நடக்கிறது. எனக்கும் நடந்தது. எக்செல் ஷீட்டெல்லாம் போட்டு வைத்தேன். மூன்றாவது மாதம் அந்த ஷீட்டைத் திறக்கவே இல்லை. கையில் இரண்டு ஏஸ் இருந்து, எதிராளியிடம் இரண்டு ராஜா இருந்தாலும், ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை ராஜாதான் ஜெயிக்கும். நிஜமாகவே நன்றாக ஆடுகிற ஒருவர் 10,000 கை (ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) ஆடிய பிறகும் நட்டத்தில் நிற்பதற்கு நான்கில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு உண்டு. சுமாராக ஆடுகிறவர் அதே அளவு ஆடி லாபத்தில் நிற்கவும் வாய்ப்பு உண்டு. ஆபத்தானது இந்த இரண்டாவதுதான். மணிக்கு 70 கை, தினம் இரண்டு மணி நேரம் என்றால் 10,000 கைக்கு எழுபது நாளுக்கு மேல் ஆகும். வேலையை விடலாம் என்ற யோசனை சரியாக அந்தச் சமயத்தில்தான் வரும்.

எதிரே இருப்பது ஆள்தானா என்பது வேறு கேள்வி. 2019இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து செய்த புளூரிபஸ் என்ற நிரல், ஆறு பேர் மேசையில் தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களையே வென்றது. அதற்குப் பெரிய சூப்பர் கம்ப்யூட்டர் எல்லாம் தேவைப்படவில்லை. அதைவிடச் சாதாரணமான நிரல் போதும், ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஆடுகிற நம் காசை எடுக்க.

விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்குவது தவறு என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தெரிந்தேதான் வாங்குகிறார்கள். ஏற்கெனவே அந்த நிலையில் இருப்பவர் மாநில அரசின் உதவி எண் 104க்கோ, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416க்கோ பேசலாம். ஏஜென்ட் பணத்தோடு மறைந்துவிட்டால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு; அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். தானும் தடை செய்த ஆட்டம் ஆடியதால் புகார் கொடுக்கப் பயந்து சும்மா இருப்பவர்கள் நிறைய. ஆடியவருக்குத் தண்டனை இல்லை என்பது இந்த இடத்தில்தான் உதவும்.

எங்கள் குழுவில் இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில், புளியங்கொட்டையை வைத்து ஆடுகிறோம். ஆட்டம் சுத்தமாக எடுபடவில்லை. கொட்டைக்காக யாரும் விட்டுக்கொடுத்துச் சீட்டைக் கீழே போட மாட்டேன் என்கிறார்கள், மோசமான சீட்டை வைத்துப் பொய் பந்தயம் கட்டினால் ஆறு பேரும் சிரித்துக்கொண்டே அதே அளவு கட்டிக் கூட வருகிறார்கள். போன தடவை பாதியில் நிறுத்திவிட்டுப் பிரியாணி ஆர்டர் பண்ணினோம்.