செட்டிநாட்டுக் கிராமத்தில் வீடு கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் புதிதாக வீடு வரைந்து கட்டத் தொடங்கியிருக்கும் இளம் பொறியாளர்கள், எங்கள் தலைமுறை செய்து பட்ட அதே பிழைகளைத் திரும்பவும் செய்கிறார்கள். மேற்குச் சுவரில் அகலக் கண்ணாடி வைப்பது போன்றவற்றை மேஸ்திரியே தடுத்துவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மழையைப் பார்க்காமல் மனையை மேடாக்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். பங்குனியில் நிலம் வாங்கிய கையோடு பொக்லைனை இறக்கி, லாரி லாரியாகக் கிராவல் அடித்து, மனை முழுவதையும் ஒரே மட்டமாக்கிவிடுகிறார்கள். அப்போது முழங்கால் ஆழம்கூட இல்லாத ஒரு பள்ளமும் சேர்ந்து மூடப்படுகிறது. மேட்டு நீரை ஊருணிக்குக் கொண்டுசேர்க்கும் வரத்துக்கால் அதுவாகத்தான் இருக்கும்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு மனையில் இப்படி நடந்தபோது, "தம்பி, ஐப்பசியில வந்து பாருங்க" என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சொன்னதை ஒப்பந்தக்காரர் காதில் வாங்கவில்லை. வடகிழக்குப் பருவமழையில் வழி தேடிய நீர் சுற்றுச்சுவரின் ஒரு பக்கத்தைச் சாய்த்துவிட்டு அந்தப் பெரியவரின் தோட்டத்திலேயே தேங்கியது. மூடிய வரத்துக்காலைத் திரும்பத் தோண்டிச் சுவருக்கடியில் குழாய் பதிப்பதற்குள், மண் அடித்த செலவைப் போல இன்னொரு மடங்கு ஆயிற்று.

பழைய நகரத்தார் வீடுகளில் உயர்த்தப்பட்டது வீட்டின் தளம்; படியேறித்தான் திண்ணைக்குப் போக வேண்டும். முற்றத்து மழைநீர் தெருக்கால் வழியே ஊருணிக்குப் போயிற்று. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தாலே ஏறக்குறைய 2,300 லிட்டர் நீர் இறங்கும் என்பதால், அது போகும் வழியை முதலில் குறித்துவிட்டு, பிறகு வாசலை வரையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தை, அதாவது நிலத்தின் அளவை வரைபடத்தை, பாருங்கள். பட்டா நிலத்துக்குள் ஓடும் சிறு வாய்க்கால்கள் அதில் இல்லாமலும் போகலாம் என்பதால், ஒரு மழைக்காலம் பொறுத்து நேரில் பார்ப்பதே மேல்.

முற்றத்தை மூடுவது

கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ போட்டு மூடினால் சூடான காற்று மேலேறி வெளியேற வழியில்லாமல், முற்றத்தைச் சுற்றியுள்ள வளவு வெந்துபோகும். குரங்குக்குப் பயந்தால் கம்பி வலை போதும்.

புல்தரை

வேண்டாம், அதற்காக இருக்கும் வேம்பை வெட்டாதீர்கள்.

வெளித்திண்ணையில் ஆத்தங்குடிக் கல்

ஆத்தங்குடியில் கையால் வார்க்கும் இந்த வழவழப்பான தரை ஓடு சாரல் பட்டால் வழுக்கும். உள்ளே பதியுங்கள், வெளியே சொரசொரப்பான கருங்கல் போதும்.