'ரன்' என்ற சின்னச் சொல்லைப் பிடிப்பது எப்படி: டர்பனிலிருந்து ஒரு பம்ப் ஃபிட்டர்

நான் பிறந்து வளர்ந்தது கோயம்புத்தூர் கணபதி. எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் லேத் ஓடும். நடை பழகுவதற்கு முன்பே பம்ப் சத்தம் பழகிய காது என்னுடையது. அப்படிப்பட்டவன், தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வேலைக்கு வந்த இரண்டாம் வாரமே ஒரு பம்பைக் கருக்கினேன். மூன்றே எழுத்துள்ள ஒரு இங்கிலீஷ் சொல் செய்த வேலை அது.

ஃபோர்மேன் வந்து, "டூ எ ட்ரை ரன் ஃபர்ஸ்ட்" என்றார். நம் ஊரில் ட்ரை ரன் என்றால் என்ன? கிணறு வற்றிய பிறகும் மோட்டார் வெறுமனே சுற்றிக்கொண்டிருப்பது. அதைத் தடுக்கத்தானே பேனல் போர்டில் தனியாக ஒரு பாதுகாப்பு வைக்கிறோம்? சரி, அது வேலை செய்கிறதா என்று சோதிக்கச் சொல்கிறார் போல என்று நினைத்து, உள்ளே தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். தானாக நிற்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். நிற்கவில்லை. அந்த பேனலில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. தண்டு வழியாகத் தண்ணீர் கசியாமல் அடைக்கிற மெக்கானிக்கல் சீலின் இரண்டு முகங்களுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய தண்ணீர்ப் படலம்தான் அதற்கு எண்ணெய், அதுதான் குளிர்ச்சி. அது இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும்? வாசனை வந்த பிறகுதான் நிறுத்தினேன்.

ஃபோர்மேன் கேட்டது ஒத்திகை. எந்த வால்வை முதலில் திறப்பாய், எந்த பட்டனை அடுத்து அழுத்துவாய் என்று எதையும் ஓட்டாமல், கையால் காட்டி வாயால் சொல்லச் சொல்லியிருக்கிறார். தெரியாத சொல்லாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன். தெரிந்த சொல், அதுவும் எங்கள் தொழில் சொல். அதனால் கேட்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே அகராதியைத் திறந்தேன். பக்கம் பக்கமாகப் போகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியின் 1989ஆம் வருஷப் பதிப்பில் மிக நீளமான இடத்தைப் பிடித்திருந்த சொல் 'செட்'. பிறகு திருத்தி எழுதியபோது 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள். இதை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். நான் ஆறு நாள் உட்கார்ந்தேன், ஏழாம் நாள் தலைவலி மாத்திரை வாங்கினேன்.

கொஞ்சம் ஆறுதலும் சொல்லிவிடுகிறேன். நம் 'அடி'யை நினைத்துப் பாருங்கள். பெயிண்ட் அடிக்கிறோம், மொட்டை அடிக்கிறோம், காப்பி அடிக்கிறோம், வெயில் அடிக்கிறது, போன் அடிக்கிறது, ஒருவன் கண் அடிக்கிறான், இன்னொருவன் தண்ணி அடிக்கிறான். இதில் எதற்காவது அகராதி பார்த்தோமா? பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று பார்த்தோம், புரிந்தது. 'ரன்'னையும் அப்படித்தான் பிடிக்க வேண்டும்.

முதல் வேலையாக, நம் 'ஓடு' பொருந்துகிறதா என்று வைத்துப் பாருங்கள். பாதி கதவு அங்கேயே திறந்துவிடும். மோட்டார் ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, சுவரில் வயர் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் 'ரன்' சரியாக வரும். ஆனால் 'பொழைப்பு ஓடுது', 'ஒண்ணும் ஓட மாட்டேங்குது' என்பதையெல்லாம் அப்படியே கொண்டுபோகக் கூடாது. நான் கொண்டுபோனேன். "மை லைஃப் இஸ் ரன்னிங்" என்றேன். ஃபோர்மேன் எங்கே என்று கேட்டார்.

அடுத்ததுதான் முக்கியம். 'ரன்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பொருள் வருகிறதா என்று பாருங்கள். தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. உருள் என்றால் தானாக உருள்வது, உருட்டு என்றால் ஒருவர் உருட்டுவது. பள்ளிக்கூடத்தில் தன்வினை பிறவினை என்று படித்தோமே, அது. இங்கிலீஷுக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான். 'த பம்ப் இஸ் ரன்னிங்' என்றால் பம்ப் ஓடுகிறது. 'ரன் த பம்ப்' என்றால் பம்பை ஓட்டு. 'ஷி ரன்ஸ் எ டேக்அவே' என்றால் அந்த அம்மா பார்சல் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். பின்னால் பொருள் வந்தால் ஓட்டு, நடத்து, இயக்கு என்ற மூன்றில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உட்கார்ந்துவிடும்.

பின்னால் ஆள் வந்தாலும் இதே கதைதான். ஆடி மாசத்தில் இங்கே மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். நம் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக 1860இல் வந்து இறங்கிய மண் இது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது வீட்டில் பேசுவது இங்கிலீஷ், ஆகவே அந்தப் பண்டிகைக்குப் பெயர் 'போரிட்ஜ் பிரேயர்ஸ்'. அப்படி ஒரு ராத்திரி, கோயிலில் ஒரு ஆன்ட்டி, "மை சன் வில் ரன் யூ ஹோம்" என்றார். நான் இருந்தது சாட்ஸ்வர்த்தில், கோயில் ஊருக்கு மறுகோடியில். இருட்டில் துணைக்கு அந்தப் பையன் கூடவே ஓடி வருவானோ என்று ஒரு நொடி நினைத்தது உண்மை. பையன் சாவியை ஆட்டிக்கொண்டு வந்தான். வண்டியில் கொண்டுபோய் விடுவதைத்தான் சொல்லியிருக்கிறார். (வந்த வண்டி ஒரு பிக்கப். அதை இங்கே பக்கி என்பார்கள். முதல் தடவை கேட்டபோது என்னைத்தான் திட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.)

இந்த விதிக்கு மாட்டாத ஒன்று இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 'ஹி இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்' என்றால் அவனுக்குக் காய்ச்சல். பின்னால் பொருள் வருகிறது, ஆனால் அவன் எதையும் நடத்தவில்லை, பாவம் படுத்திருக்கிறான். இதை அப்படியே முழுசாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர், மை, சாயம், மூக்கு என்று எது வந்தாலும் ஓட்டத்தை மறந்துவிடுங்கள். அங்கே 'ரன்' என்றால் ஒழுகுவது, வழிவது, இறங்குவது. மூக்கு ஒழுகுகிறது, சட்டைச் சாயம் இறங்குகிறது. 'ரன் த டேப்' என்றால் குழாயைத் திறந்துவிடு. கூழ் கரைக்கும்போது "டூ ரன்னி" என்று ஒரு பாட்டி கத்தினால், தண்ணீர் அதிகமாகிவிட்டது, மாவைப் போடு என்று அர்த்தம். வயிறு சம்பந்தமாக 'த ரன்ஸ்' என்று யாராவது சொன்னால் மேற்கொண்டு கேட்காதீர்கள்.

இனி வால்கள். 'ரன்'னுக்குப் பின்னால் ஒட்டுகிற குட்டிச் சொற்களைச் சொல்கிறேன். வால் மாறினால் மிருகமே மாறிவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் படிக்க வேண்டாம், முதலில் 'அவுட்'டைப் பிடியுங்கள், தினமும் காதில் விழுவது அதுதான். 'வி ரேன் அவுட் ஆஃப் பிரெட்' என்றால் ரொட்டி தீர்ந்துவிட்டது. 2022 ஏப்ரலில் இங்கே பெரிய வெள்ளம் வந்தது, நானூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். டோங்காட் பக்கம் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் கெட்டுப்போய் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்த நாட்களில் 'ரன் அவுட்', 'ரன் ட்ரை' இரண்டையும் கேட்காத பொழுதில்லை. 'ரன் ட்ரை' என்றால் வற்றிப்போவது. என் பழைய பகையாளி 'ட்ரை ரன்'னைத் திருப்பிப் போட்டால் வருவது. முன்னது பின்னது மாறியதும் பொருள் எங்கே போய்விட்டது பாருங்கள். பம்ப் வேலைக்கு வருகிறவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

கிரிக்கெட்டில் ரன் அவுட் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இரண்டு ரன் அவுட்டும் ஒரே மைதானத்தில் சந்தித்த கதை ஒன்று டர்பனிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டுக்கார அங்கிள் மாசம் ஒரு தடவையாவது அதைச் சொல்லுவார். 1939 மார்ச்சில் கிங்ஸ்மீட் மைதானத்தில் இங்கிலாந்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் ஒரு டெஸ்ட். நாள் கணக்கே கிடையாது, முடிவு தெரியும் வரை ஆடுவது என்று ஒப்பந்தம். இங்கிலாந்து ஜெயிக்க 696 ரன் வேண்டும். பத்தாவது நாள் 5 விக்கெட்டுக்கு 654. இன்னும் 42 ரன்தான். மழை வந்தது. கேப் டவுனில் கப்பல் காத்திருக்கிறது, ரயிலைப் பிடித்தாக வேண்டும், மூட்டையைக் கட்டிவிட்டார்கள். ஆட்டம் டிரா. அங்கிள் இதை முடிக்கும் விதம்: "டைம்லெஸ் டெஸ்ட், அண்ட் தே ரேன் அவுட் ஆஃப் டைம்!" இந்த ஒரு வாக்கியத்துக்கு நீங்கள் சிரித்தால் 'ரன் அவுட்' உங்களுக்கு வந்துவிட்டது.

'இன்டு' என்ற வாலில் ஜாக்கிரதை. திங்கட்கிழமை ஃபோர்மேன் என்னிடம், "ஐ ரேன் இன்டு யுவர் மிஸ்ஸஸ் அட் பங்களாதேஷ் மார்க்கெட்" என்றார். எனக்குக் கை கால் உதறியது. காய்கறி வாங்கப் போன இடத்தில் வண்டியை விட்டு மோதிவிட்டாரா? தற்செயலாகப் பார்த்தாராம். பங்களாதேஷ் மார்க்கெட் என்பது சாட்ஸ்வர்த்தில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் உயிர்க்கோழியும் கிடைக்கிற சந்தை, அங்கே யாரும் யாரையும் பார்க்காமல் திரும்ப முடியாது. வண்டி ஏற்றுவதற்கு வால் 'ஓவர்'. ஆளை 'ரன் ஓவர்' செய்தால் போலீஸ் வரும், மீட்டிங் 'ரன் ஓவர்' ஆனால் டீ ஆறிப்போகும். 'ரன் அப் எ பில்' என்றால் கடன் ஏற்றுவது. 'ரன் டவுன்' பேட்டரிக்குச் சொன்னால் தீர்ந்துபோனது, கட்டிடத்துக்குச் சொன்னால் பாழடைந்தது. மற்றவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சிவப்பு விளக்கைத் தாண்டிப் போவதற்கு அமெரிக்கப் படங்களில் 'ரன்' சொல்வார்கள். இங்கே அது எடுபடாது. சிக்னலுக்கு இங்கே பெயர் 'ரோபோ', அதை 'ஜம்ப்' செய்வார்கள் அல்லது 'ஸ்கிப்' செய்வார்கள்.

பெயர்ச்சொல்லாக வரும் 'ரன்', ஊருக்கு ஊர் வேறு. அகராதியை விட டீக்கடை உதவும். டர்பனில் மூன்று கட்டாயம் தெரிய வேண்டும். ஒன்று, 'அப் ரன்', 'டவுன் ரன்'. 1921இல் தொடங்கிய காம்ரேட்ஸ் மாரத்தான் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவில், ஏறத்தாழ 90 கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இங்கிருந்து மலை ஏறினால் அப், அங்கிருந்து கடலைப் பார்த்து இறங்கினால் டவுன். இறங்குவது சுலபம் என்று நினைத்து ஓடிய என் கூட வேலை செய்கிறவர் ஒரு வாரம் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினார். இரண்டு, 'சார்டின் ரன்'. மே முதல் ஜூலை வரை மத்தி மீன் கூட்டம் கூட்டமாகத் தெற்கேயிருந்து கரையோரமாக வரும், பின்னாலேயே டால்பினும் சுறாவும். இது ஓட்டப்பந்தயம் அல்ல, இடம் பெயர்தல். அந்தச் செய்தி வந்தால் பக்கெட்டோடு கடற்கரைக்குப் போங்கள். மூன்றாவது 'ரன்னர்'. ஓடுகிறவர் என்று நினைக்க வேண்டாம். ஃபாஃபீ என்று ஒரு சூதாட்டம், ஒன்று முதல் முப்பத்தாறு வரை எண், கண்ட கனவுக்கு ஏற்ற எண்ணில் காசு வைப்பார்கள். வீடு வீடாகப் போய் அந்தக் காசை வசூலிப்பவர் ரன்னர். என்னிடமும் ஒருவர் வந்து என்ன கனவு கண்டாய் என்று கேட்டார். பம்ப் என்றேன். பம்புக்கு எண் இல்லையாம்.

இந்த வினையின் மூன்று உருவங்கள் ரன், ரேன், ரன். நேற்று நடந்ததற்கு 'ரேன்'. 'ஹேஸ்', 'ஹேவ்' முன்னால் வந்தால் மறுபடி 'ரன்'. இதில் உள்ளூர்க்காரர்களே தடுமாறுவார்கள், கவலைப்படாதீர்கள்.

கேட்டதை எழுதி வையுங்கள். தனிச் சொல்லாக எழுதினால் பயன் இல்லை, முழு வாக்கியமாக, யார் சொன்னார், எங்கே சொன்னார் என்பதோடு எழுத வேண்டும். என் நோட்டில் இதுவரை நூற்றுப் பதினாலு ஆகியிருக்கிறது. போன வாரம் எழுதியது வீட்டுக்கார ஆன்ட்டி சொன்னது. என் மகள் ஹோம்வொர்க்கில் ஒரு சொல்லுக்கு டீச்சர் போட்ட அர்த்தம் தப்பு என்று ஒரு மணி நேரம் சண்டை பிடித்தாள். நானும் அவளோடு சேர்ந்துகொண்டேன். ஆன்ட்டி வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி" என்று சொல்லிப் போனார். ஓடுகிறதா, ஒழுகுகிறதா, பின்னால் பொருள் வருகிறதா என்று நான் நோட்டைத் திறந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து மனைவி சொன்னாள், "அப்பனை உரிச்சு வச்சிருக்குன்னு எழுதிக்கோங்க."