மூட்டு மாற்றிய பிறகு: அந்தத் தலையணையை முதலில் எடுங்கள்

முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். தர்மபுரி, பாலக்கோடு, காரிமங்கலம், காவேரிப்பட்டணம் என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். போகிற வீட்டிலெல்லாம் அதே நாலைந்து தவறுகளைத்தான் பார்க்கிறேன். மாத்திரையை விடாதீர்கள், ஈரத் தரையில் நடக்காதீர்கள் என்பதையெல்லாம் டிஸ்சார்ஜ் அன்றைக்கே நர்ஸ் சொல்லியிருப்பார். அதை நான் மறுபடி சொல்லப் போவதில்லை.

முட்டிக்கு அடியில் தலையணை

இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பார்த்தவுடன் எனக்குக் கோபம் வருகிற விஷயம் இது.

ஆபரேஷன் ஆன முட்டிக்குள் நீர் கோத்து வீங்கியிருக்கும். காலை லேசாக மடக்கி வைத்தால் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தளர்ந்து அந்த நீருக்கு இடம் கொடுக்கும், வலி அடங்கும். முழுக்க நீட்டினால் பின்பக்கம் சுருக்கென்று இழுக்கும். அதனால் படுத்திருப்பவர் தன்னையறியாமல் காலை மடக்கிக்கொள்வார். பக்கத்தில் இருக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ மனசு கேட்காது. ஒரு இலவம்பஞ்சுத் தலையணையை மடித்து முட்டிக்கு அடியில் செருகிவிடுவார்கள். “இப்பதான் கண்ணு சுகமா இருக்குது” என்பார் பாட்டி. வினையே அந்தச் சுகத்தில்தான் ஆரம்பிக்கிறது.

தூங்கும்போது, டிவி பார்க்கும்போது, பேரப்பிள்ளைகளோடு பேசும்போது என்று நாளெல்லாம் கால் மடங்கியே கிடந்தால், முட்டியின் பின்பக்கத் தசையும் உறையும் அந்த அளவுக்கே சுருங்கிக்கொள்ளும். உள்ளே ஆறுகிற தழும்பும் அதே நிலையில் இறுகிவிடும். சில வாரம் கழித்துத் தலையணையை எடுத்தாலும் கால் நேராகாது. பத்துப் பதினைந்து டிகிரி கோணல்தானே, போகட்டும் என்று தோன்றும். ஆனால் நேரான காலில் நிற்கும்போது உடம்பின் எடை எலும்பில் இறங்கும், தொடைத் தசைக்கு அதிக வேலை இல்லை. மடங்கிய காலில் நிற்கும்போது தொடைத் தசை விடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். ரேஷன் கடை வரிசையில் சிறிது நேரம் நின்றாலே தொடை கடுக்க ஆரம்பித்துவிடும். ஒரு கால் குட்டையானது போல நடை சாயும். அப்புறம் இடுப்பு வலி, அப்புறம் மற்ற முட்டி.

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர். ஆபரேஷன் அருமையாக நடந்திருந்தது, எக்ஸ்ரேயில் ஒரு குறை சொல்ல முடியாது. நான் உள்ளே நுழைந்ததுமே அவர் மகன் போனில் வீடியோ காட்டினார்: “பாருங்க சார், எப்படி மடக்குறாருன்னு!” நிஜமாகவே நன்றாக மடங்கியது. விசாரிக்க வருகிற சொந்தக்காரர்களும் ஆர்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுக் கேட்பது அதைத்தான்: எவ்வளவு மடங்குது? முழுசாக நீள்கிறதா என்று ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்லை. பெரியவரைப் பலகைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டிக்கு அடியில் கையை நுழைத்தேன். நேராக நீளும் காலாக இருந்தால் உள்ளங்கை நுழையவே சிரமப்படும். இங்கே முஷ்டியே தாராளமாகப் போய் வந்தது.

தலையணையைப் பிடுங்கி பீரோ மேல் போட்டுவிட்டு, எல்லோரிடமும் விளக்கிவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது அது பழைய இடத்திலேயே இருந்தது. உறையை மட்டும் துவைத்து மாற்றியிருந்தார்கள்.

மடங்காத முட்டியை மயக்க மருந்து கொடுத்து டாக்டர் மடக்கிவிடும் வழி ஒன்று உண்டு. நீளாத முட்டிக்கு அது அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. அவர் இன்றும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறார். தோப்புக்குள் கொஞ்ச தூரம் போனதும் உட்கார இடம் தேடுகிறார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டிக்கு அடியில் எதுவும் இருக்கக் கூடாது, காற்றுதான் இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம், நாளைக்குச் சில தடவை. அப்படியே தொடையை இறுக்கி முட்டியைக் கீழ் நோக்கி அழுத்துங்கள். இழுக்கும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். வீக்கத்துக்காகக் காலை உயர்த்தி வைப்பதென்றால் முட்டியை மட்டும் உயர்த்தாமல், கால் நேராக இருக்கும்படி குதிகால் வரைக்கும் சேர்த்து உயர்த்துங்கள். சரி, தூக்கம் வரவில்லை என்றால்? டாக்டரிடம் வலி மாத்திரையின் நேரத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். தலையணை மட்டும் வேண்டாம்.

விலை உயர்ந்த மூட்டு தானாக மடங்கும் என்று நம்புவது

“எந்த கம்பெனி மூட்டு சார்?” என்பது இரண்டாவது கேள்வி. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டி மூட்டுகளுக்கு உச்ச விலை வைத்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு வந்தது. அதைவிட விலை கூடிய வேறு ரக மூட்டை வாங்கினாலும், ஆபரேஷனுக்கு முன்னால் உங்கள் முட்டி எவ்வளவு மடங்கியது என்பதுதான் பின்னால் மடங்குவதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. நம் மாவட்டங்களில் இது கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்தே வளர்ந்த தலைமுறை இங்கே உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. ஃபுளோரைடு மூட்டுகளை விறைக்க வைக்கும். பல வருஷமாக விறைத்துப்போன முட்டியோடு ஆபரேஷனுக்குப் போனவர், பெங்களூரில் இருக்கும் சம்பந்தியின் முட்டியோடு தன்னுடையதை ஒப்பிட்டு அழுவதில் அர்த்தமில்லை.

களி கிண்ட உட்கார்வது

பானையைக் கீழே இறக்கி, குத்தவைத்து உட்கார்ந்து கிண்டினால்தான் களி களியாக வரும் என்று வாதாடுகிற அம்மாக்களிடம் நான் தோற்றுப்போயிருக்கிறேன். கிண்டுகிற வேலையை வேறு யாராவது செய்யட்டும். குத்தவைப்பது, சம்மணம் இரண்டும் வேண்டாம். பழைய டாய்லெட் என்றால் அதன் மேல் வைக்கிற கமோடு நாற்காலியை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வையுங்கள். கல்யாண வீட்டில் பாயில் உட்காரச் சொல்லி இழுப்பார்கள், ஒரு நாற்காலி கேளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

படி

ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கைப்பிடியை விடாதீர்கள்.

ஒகேனக்கல் எண்ணெய் மசாஜ்

வேண்டாம். உள்ளூர் வைத்தியரின் பற்றும் வேண்டாம். காயத்தில் எண்ணெயோ பச்சிலையோ பட்டால் சீழ் பிடிக்க வழி. கெண்டைக்காலில் ரத்தம் கட்டியிருந்து அதைப் போட்டுத் தேய்த்தால், கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம்.

அலைய முடியவில்லை என்று பயிற்சியை விடுவது

பென்னாகரத்துக்கு உள்ளே இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து டவுனுக்கு பஸ் ஏறி வருவது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டம் தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அப்படியும் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் விசாரியுங்கள்.

பயப்பட வேண்டாததற்குப் பயப்படுவது

தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு கை அகலத்துக்கு மரத்துப்போயிருக்கும். தோலுக்குப் போகும் சிறு நரம்பு வெட்டுப்படுவதால் வருவது அது. முட்டி மாதக்கணக்கில் கதகதப்பாக இருக்கும், நடந்தால் சாயங்காலம் வீங்கும், உள்ளே ‘டக் டக்’ என்று சத்தம் வரும். இதற்கெல்லாம் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன் வருகிறது. ஆனால் காயத்தில் நீர் கசிந்து இரண்டு நாள் ஆனவர், “வெயில் காலமில்லையா, வேர்வையாக இருக்கும்” என்று சும்மா இருக்கிறார். கசிவு, குளிர்க் காய்ச்சல், புதிதாகச் சிவந்து அதிகமாகும் வலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது என்றால் அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய்க் காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல் என்றால் 108ஐக் கூப்பிடுங்கள், எனக்கு போன் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள்.